மூணுபுள்ளிக்காரி

பத்தொன்பது வருஷமாக ஏசிக்கும் குளிர்பெட்டிக்கும் செம்புக் குழாய் ஒட்டவைக்கிற ஒருத்தி, ஏசி போட்ட அறையில் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததே இல்லை என்றால் நம்பமாட்டீர்கள். நம்பித்தான் ஆகவேண்டும். அவள் வேலை செய்கிற இடத்தில் மின்விசிறிகூடக் கிடையாது. காற்று பட்டால் கையிலிருக்கிற சுடர் அலையும், சுடர் அலைந்தால் ஒட்டு கெடும். ஊரையெல்லாம் குளிரவைக்கிற பட்டறை தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருக்கும். அதைப் பற்றி அங்கே யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

பட்டறையில் அவளை மூணுபுள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே மெல்லிய தகடுகளின் ஊடே செம்புக் குழாய்கள் வரிசையாகப் போகும். அதற்குக் காயில் என்று பெயர். ஒரு குழாயில் போன வாயு அடுத்த குழாயில் திரும்பி வரவேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே கொண்டை ஊசி மாதிரி ஒரு வளைவை வைத்து நெருப்பில் ஒட்டவேண்டும். ஒரு காயிலுக்கு நாற்பத்தெட்டு ஒட்டு. நாற்பத்தேழு நன்றாயிருந்து ஒன்று கசிந்தாலும் வாயு போய்விடும், குளிரும் போய்விடும். மற்ற நாற்பத்தேழையும் யாரும் பாராட்டப்போவதில்லை. ஒட்டி முடித்ததும் பக்கத் தகட்டில் அவரவர் அடையாளத்தை ஆணியால் குத்தவேண்டும் என்பது பட்டறை வழக்கம். மீசைக்காரர் ஒரு கோடு குத்துவார். கடைசி மேஜைக்காரர் ஒரு பெருக்கல் குறி. இவள் மூன்று புள்ளி.

இருபத்தைந்து வயதில் பட்டறையைக் கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். மீசைக்காரர் கையைச் சுட்டுக்கொண்டு வராமல் போன ஒரு வாரத்தில் ஒட்டு வைக்கிற கேஸ் டார்ச்சைத் தொட்டவள், பிறகு கீழே வைக்கவில்லை. அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. செம்பைச் சூடாக்கும்போது அதன் நிறம் எப்படி மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தானே கண்டுகொண்டாள். முதலில் எண்ணெய் படிந்ததுபோல் ஒரு மினுமினுப்பு, அப்புறம் கறுப்பு, அப்புறம் மெதுவாகப் பெரிய வெங்காயத்தின் மேல்தோல் நிறம். அந்த வெங்காயத்தோல் நிறம் வந்த நொடியில் ஒட்டுக்கம்பியைத் தொட்டால் அது உருகி இடுக்குக்குள் தானாக ஓடிவிடும். அதற்கு முன்னால் தொட்டால் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். தாமதித்தால் உள்ளே வெந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். இந்த நிறம் தெரியவேண்டும் என்பதற்காகவே அவள் மேஜை பட்டறையிலேயே இருட்டான மூலையில் கிடந்தது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவர் ஒருநாள் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பதினெட்டு லட்சம் ஒட்டு வந்தது.

"பதினெட்டு லட்சம் வச்சவளுக்கு நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் கதவ ஒட்டவைக்கத் தெரியல," என்றார் அவர். அந்த ஃப்ரிட்ஜ் கைமாறி வந்தது. கதவை சைக்கிள் டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"அது கதவு. நான் வேலை பார்க்கிறது உள்ள," என்று அவள் பதில் சொன்னாள். சிரிக்காமல்தான் சொன்னாள், தன் வேலையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

போன வருஷம் அந்தக் கர்வத்தில் மண் விழுந்தது. மருந்து வைக்கிற குளிர்பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனி பட்டறையிலிருந்து காயில் வாங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசிமருந்து வைப்பார்களே, அந்தப் பெட்டி. அதிலொன்று கசிந்துவிட்டது என்று கடிதம் வந்தது, கூடவே ஒரு போட்டோவும். போட்டோவில் ஒரு வளைவு, அதன் பக்கத்தில் தகட்டில் மூன்று புள்ளி, ஒரு தேதி. முதலாளி உடனே பதில் எழுதிவிட்டார்: எங்கள் ஒட்டு கசியாது, வழியில் லாரியில் அடிபட்டிருக்கும். செய்துகொண்டிருந்த கடைசிச் சரக்கை மட்டும் வாங்கிக்கொண்டு கம்பெனி ஆர்டரை நிறுத்தியது. பட்டறை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது.

மூணுபுள்ளியை அது வேறு மாதிரி தாக்கியது. அந்தப் பெட்டிக்குள் யாருக்கான மருந்து இருந்தது, அது கெட்டுப்போனதா, கெட்டது தெரியாமல் யாருக்காவது போட்டார்களா என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, கேட்கப் பயமாகவும் இருந்தது. அன்றிலிருந்து அவள் புள்ளி குத்துவதை நிறுத்திவிட்டாள். முதலாளியும் ஏன் என்று கேட்கவில்லை. அடையாளம் இல்லாமல் போனால் பிடிபடவும் வழியில்லை என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டிருப்பார். இவள் குத்தாததைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் கண்காட்சி வந்தது. ஏசி, குளிர்சாதனம் செய்கிறவர்கள் எல்லாரும் கூடுகிற கண்காட்சி, மூன்று நாள். முதலாளி கடைசி வரிசையில் ஒரு பாதி ஸ்டால் பிடித்தார். மருந்துப்பெட்டி கம்பெனியின் பரிசோதகர் அங்கே வருகிறார் என்று கேள்விப்பட்டு, கையைக் காலைப் பிடித்து, இரண்டாம் நாள் மூன்று மணிக்கு வந்து பார்க்க ஒப்புக்கொள்ளவைத்திருந்தார். அவர் கண்ணெதிரே ஒரு சின்னக் காயிலில் பன்னிரண்டு ஒட்டு வைக்கவேண்டும். அப்புறம் அதில் காற்றை அழுத்தி ஏற்றிக் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் முக்கவேண்டும். ஒரு குமிழிகூட வரக்கூடாது.

"நீ வச்சாத்தான்மா சரியா வரும்," என்றார் முதலாளி. "போன தடவ ஏதோ போதாத காலம்."

அவளோடு நாத்தனாரும் கிளம்பினாள். கணவரின் தங்கையான அவள் அதே பட்டறையில் தொட்டிக்காரி. ஒட்டி முடித்த காயிலைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதும், பார்த்த தேதியைத் தகட்டில் அடிப்பதும் அவள் வேலை. நாள் பூராவும் தண்ணீரை முறைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதாலோ என்னவோ, வெளியே வந்தால் அந்த வாய் மூடாது.

மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்ததும் அந்த வாயும் மூடிக்கொண்டது.

எவ்வளவு பெரிசு என்று சொல்ல மூணுபுள்ளிக்கு அளவு கிடைக்கவில்லை. அவள் பட்டறையைப் போல் நாற்பது பட்டறையை உள்ளே வைத்தாலும் நடக்க இடம் மிச்சமிருக்கும். வாசலிலேயே ஒரு இயந்திரம் தண்ணீரைக் குடித்து மறுபக்கம் பனியாகத் துப்பிக்கொண்டிருந்தது. கோட்டு போட்டவர்கள் அதைக் கையில் அள்ளி ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொண்டார்கள். அடுத்து ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு ரோஜாப்பூவை வைத்து உறையவைத்திருந்தார்கள். கையுறை போட்ட பெண் அதை எடுத்து மேஜையில் தட்டியதும் கண்ணாடிபோல் நொறுங்கியது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமான ஒரு கம்ப்ரசரைக் கொய்யாப்பழம் மாதிரி நடுவில் அறுத்து, உள்ளிருக்கிற ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நிறம் பூசி, மெல்லச் சுழலவிட்டிருந்தார்கள். பத்தொன்பது வருஷமாக அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டிருந்தவள், சத்தம் வருகிற இடத்தை அன்றுதான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணி, இவ்வளவும் நம்ம தொழிலா?" என்றாள் நாத்தனார். குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்தது.

"நம்ம தொழில்தான்," என்றாள் மூணுபுள்ளி.

எல்லாரும் இயந்திரங்களின் முகத்தைப் பார்த்தார்கள். இவள் ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் போய்க் குனிந்து பார்த்தாள். விற்பனைக்கு நின்றவர்கள், "முன்னாடி வாங்க மேடம், ஸ்க்ரீன் இங்க இருக்கு," என்று கூப்பிட்டுக் களைத்தார்கள். அவளுக்கு ஸ்க்ரீன் வேண்டாம், வளைவு வேண்டும். எந்தத் தேசத்துப் பெட்டியானாலும் பக்கத் தகட்டுக்குப் பின்னால் அந்தக் கொண்டை ஊசிகள் வரிசையாக நின்றன. ஐஸ்கிரீம் பெட்டியிலும் இருந்தன, மீன் உறையவைக்கிற அறையிலும் இருந்தன, ரயில்பெட்டிக்குப் போகிற ஏசியிலும் இருந்தன. ஒட்டைப் பார்த்தே ஒட்டியவரை அவளால் சொல்ல முடிந்தது.

"இங்க பாரு, இவரு இடது கைக்காரர். சொட்டு அந்தப் பக்கமா சாய்ஞ்சிருக்கு."

"இது?"

"இவங்க பொறுமைசாலி. ஆனா வேலைக்குப் புதுசு."

"இது யாரு அண்ணி, ஒரு சொட்டுகூட இல்லாம வழிச்சு வச்ச மாதிரி?"

மூணுபுள்ளி அதை வெகுநேரம் பார்த்தாள். "இது யாரோ பெரிய கை. இவங்கள ஒருதரம் பார்த்துட்டா போதும்," என்றாள். அந்தப் பெட்டி எங்கேயிருந்து வந்தது என்று எழுதியிருந்ததை நாத்தனார் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டு பேரும் கேள்விப்படாத ஊர். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் தன்னைப்போலவே ஒருவர் குனிந்து நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதேயில்லை. அவர் கையைத் தொடுவதுபோல் அந்த வளைவை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தாள்.

ஸ்டாலுக்குத் திரும்பியபோது மணி இரண்டு. மேஜையில் டார்ச்சும் சின்னக் காயிலும் தயாராக இருந்தன. பக்கத்தில் தீயணைப்புக் குடுவையோடு மண்டபத்து ஆள் ஒருவர் நின்றார். அவர் நின்றால்தான் நெருப்புக்கு அனுமதி. முதலாளி புது ஷூ போட்டு அது கடிக்கக் கடிக்க நொண்டிக்கொண்டிருந்தார்.

பரிசோதகர் வருமுன் ஒரு ஒட்டு வைத்துப் பார்த்துவிடலாம் என்று மூணுபுள்ளி ஒரு துண்டுக் குழாயை எடுத்தாள். சுடரை வைத்தாள், நிறத்துக்குக் காத்தாள். நிறம் வரவில்லை. மேலே வரிசை முழுக்கப் பளீரென்று விளக்குகள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் செம்பு செம்பாகவே கிடந்தது. இன்னும் சூடேறவில்லை போலிருக்கிறது என்று சுடரை வைத்தபடியே இருந்தாள். திடீரென்று குழாய் முனை மெழுகாகத் தொங்கியது.

அவள் சுடரை அணைத்தாள். பதினெட்டு லட்சத்தில் இப்படி ஒன்றைக்கூட அவள் கருக்கியதில்லை. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா, என்ன ஆச்சு? குளிரா?"

அவள் தொங்கிய முனையைப் பார்த்தபடி நின்றாள். இந்த வெளிச்சத்தை இதற்கு முன்னால் எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று நினைவு வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டறைக் கூரை ஒழுகியது. அவள் மேஜைக்கு மேலேயிருந்த தகரங்களை மட்டும் பிரித்து மாற்றினார்கள். நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் முதலாளி வேலையை நிறுத்தவிடவில்லை. தலைக்கு மேலே திறந்த வானம், மேஜைமேல் கொட்டுகிற வெயில். மற்ற இரண்டு பேரும் சுவரோரத்து நிழலில் இருந்தார்கள். அவள் மட்டும் வெயிலில் உட்கார்ந்து, நிறம் சரியாகத் தெரியவில்லையே என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கை பழகின கணக்கில் ஒட்டித்தள்ளினாள். குமிழி வரவில்லை, அதனால் சரி என்று நினைத்தாள். வெந்துபோன ஒட்டு அன்றைக்குக் கசியாது. மாதக்கணக்கில் ஓடி, அதிர்ந்து, ஒருநாள் கசியும்.

"சின்னவளே," என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள். "கசிஞ்சு வந்துச்சே ஒரு காயில், அதுல நீ அடிச்ச தேதி என்ன?"

தொட்டிக்காரிக்கு முகம் மறந்தாலும் தேதி மறக்காது. சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளுக்கும் புரிந்தது. "அண்ணி, அது கூரை பிரிச்ச வாரம்," என்றாள் மெல்ல.

மணி இரண்டரை. இப்போது முதல் காரியம் வெளிச்சம். மூணுபுள்ளி முதலாளியிடம் போய் விளக்கை அணைக்கவேண்டும் என்றாள். முதலாளி மண்டபத்து எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்துவந்தார். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"ஒரு வரிசைக்கு ஒரே சுவிட்ச்தான். உங்களுக்கு அணைச்சா பதினாலு ஸ்டாலுக்கும் அணையும். பதினாலு பேரும் சரின்னா எனக்கு ஒண்ணுமில்ல."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் உட்காரவில்லை. முதல் ஸ்டாலில் கும்பிட்டாள், இரண்டாவதில் கெஞ்சினாள், மூன்றாவதில் உங்க ஸ்டால்தான் வரிசையிலேயே அழகு என்று அளந்துவிட்டாள். பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் முறைத்தபோது, "பத்தே நிமிஷம் சார். செம்பு எப்படி ஒட்டுதுன்னு உங்க ஆளுங்களே பார்த்திருக்க மாட்டாங்க," என்றாள். அவர் யோசித்தார். பார்த்ததில்லை என்பது உண்மை. சரி என்றார்.

மூன்று மணிக்குப் பரிசோதகர் வந்தார். ஒல்லியாக, உயரமாக, சட்டைப்பையில் நான்கு பேனாவோடு இருந்தார். அவர் வணக்கம் சொல்லி முடிக்கவும் வரிசை இருளவும் சரியாக இருந்தது.

மண்டபம் முழு இருட்டாகவில்லை, அந்தி மாதிரி ஆனது. மூணுபுள்ளி சுடரை வைத்தாள். எண்ணெய் மினுமினுப்பு ஓடியது, கறுத்தது, அப்புறம் அந்த வளைவு மட்டும் மெல்லச் சிவந்து எழுந்தது. அவளுக்கு உயிர் வந்தது. கம்பியால் தொட்டாள், அது ஒரு கோடாக ஓடி உள்ளே மறைந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. அவளுக்கு யார் நிற்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவில்லை. மற்ற வரிசைகளிலிருந்து ஆட்கள் வந்து கூடியிருந்தார்கள். கோட்டுக்காரர்களும் விற்பனைக்காரர்களும் இருந்தார்கள், ரோஜாவை நொறுக்கிய பெண்ணும் கையுறையோடு நின்றாள். வாழ்நாள் முழுக்கக் குளிரை விற்றவர்கள், குளிருக்குள்ளே இத்தனை நெருப்பு இருப்பதை வாயடைத்துப் பார்த்தார்கள். தீயணைப்புக் குடுவைக்காரர் குடுவையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

பன்னிரண்டாவது ஒட்டு முடிந்து சுடர் அணைந்தபோதுதான் கூட்டம் மூச்சு விட்டது. விளக்குகள் எரிந்தன. நாத்தனார் காயிலில் காற்றை ஏற்றித் தொட்டியில் முக்கினாள். அந்த முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை. ஐந்து நிமிஷம் தண்ணீரையே முறைத்தாள். பரிசோதகரும் குனிந்து முறைத்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

பரிசோதகர் நிமிர்ந்தார். "நல்ல கை. ஆர்டர் பத்தி மறுபடி பேசலாம்," என்றார்.

முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஷூ கடித்ததுகூட மறந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரிசோதகர் அந்தக் கையை விடுவித்து, பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அறுத்தெடுத்த ஒரு வளைவு. அதோடு ஒட்டிய தகட்டுத் துண்டில் மூன்று புள்ளியும் ஒரு தேதியும் இருந்தன.

"இது மட்டும் என்னை விடமாட்டேங்குது. லாரில அடிபட்டதுன்னு எழுதினீங்க. அடிபட்டா குழாய் நசுங்கும், ஒட்டு உள்ள வேகாது. இது வெந்திருக்கு. எப்படின்னு ஒரு வருஷமா யோசிக்கிறேன்."

"அது வந்து சார்," என்று முதலாளி தொடங்கினார். "ரோடு ரொம்ப மோசம்…"

மூணுபுள்ளி அந்த வளைவைப் பார்த்தாள். ஆர்டர் கிடைத்தமாதிரிதான், வாய் திறக்காமல் இருந்தால் போதும். திறந்தால் முதலாளி பொய் எழுதினவர் ஆகிவிடுவார், ஆர்டர் போகும், பட்டறையின் பதினொரு பேரும் மூன்று நாள் வேலையோடே கிடக்கவேண்டும். அதில் அவளும் உண்டு, நாத்தனாரும் உண்டு. இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தொட்டி ஓரத்தில் நின்ற நாத்தனாரின் உதடு அதற்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. அது என்ன கணக்கு என்பதும் அவளுக்குத் தெரியும்.

"லாரி இல்ல சார். நான்தான்," என்றாள். "அந்த வாரம் எங்க கூரையப் பிரிச்சிருந்தாங்க. வெயில்ல எனக்கு நிறம் தெரியல. இன்னைக்கு இந்த லைட்டுல ஒண்ணு கருகிப் போச்சு, அப்பத்தான் எனக்கே விளங்குச்சு." கருகிய துண்டை எடுத்து அந்த வளைவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பரிசோதகர் இரண்டு துண்டையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் பேசுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். கேட்காமல் விட்டால் இனி ஒருபோதும் கேட்கமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சார், அந்தப் பெட்டில மருந்து இருந்துச்சா? யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

பரிசோதகர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வருஷமாக அந்தப் பட்டறையிலிருந்து யாரும் அதைக் கேட்கவில்லை.

"குழந்தைங்களுக்குப் போடற ஊசி. நானூறு பேருக்கு உண்டானது," என்றார். "சூடேறினதும் அலாரம் அடிச்சிருக்கு. நர்ஸ் ஒருத்தங்க எல்லாத்தையும் ஐஸ் பெட்டில அள்ளிப் போட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காங்க. ஒண்ணும் வீணாகல. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அத்தனை பேருக்கு நடுவில் அழுதாள். முகமறியாத அந்த நர்ஸைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டும்விட்டாள்.

நாத்தனார் இப்போது எண்ணி முடித்திருந்தாள். "சார், அந்த நாலு நாள்ல அண்ணி வச்சது முப்பத்தாறு காயில். அதுல பன்னெண்டு உங்களுக்கு வந்துச்சு. மிச்சம் ஐஸ்கிரீம் பெட்டிக்குப் போச்சு," என்றாள். "ஒண்ணு கசிஞ்சிருச்சு. பதினொண்ணு இன்னும் வெளியில இருக்கு."



"எல்லாமே கெட்டிருக்காது," என்றாள் மூணுபுள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆனா எது நல்லதுன்னு என்னால சொல்ல முடியாது. மாத்திடுங்க சார். புள்ளியப் பாருங்க, தேதியப் பாருங்க. அந்த வாரத்துல மத்தவங்க வச்சது நல்லாத்தான் இருக்கும்."

பரிசோதகர் போனை எடுத்தார். நாத்தனார் நான்கு தேதியும் சொல்ல, மறுமுனையில் யாரோ தேடித் தேடிச் சொல்ல, அவர் ஒரு தாளில் எழுதினார். பதினொரு ஊர். ஒன்று மலைமேல் இருந்தது. இரண்டு தீவில் இருந்தன, படகில்தான் போகவேண்டும். ஒன்று பாலைவனத்து ஓரத்தில் கூடாரத்தில் நடக்கிற ஆஸ்பத்திரி. அவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி எழுத எழுத, பட்டறையையும் வீட்டையும் தவிர எங்கும் போகாத மூணுபுள்ளி மயிர்க்கூச்செறியக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை அங்கெல்லாம் போயிருக்கிறது. போய், குழந்தைகளின் மருந்தைச் சுற்றிக்கொண்டு இத்தனை நாளாக நிற்கிறது.

எழுதி முடித்த பரிசோதகர் தாளை மடித்தார். "ஒரு வாரத்துல பதினொண்ணையும் பிடிச்சிரலாம். அடையாளம் இருக்கறதால." பிறகு தொட்டியிலிருந்து எடுத்து வைத்த சின்னக் காயிலைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஏன் இல்ல? கடைசியா வந்த சரக்குலயும் புள்ளி இல்லையே."

"வெட்கமா இருந்துச்சு சார். நிறுத்திட்டேன்."

"அதுல ஏதாவது கசிஞ்சா யாருதுன்னு நான் எங்க போய்த் தேடுவேன்?"

அவள் காயிலின் வெறுந்தகட்டைத் தடவிப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்தப் புள்ளியைத் தன் பெருமைக்கென்று நினைத்திருந்தாள், அப்புறம் தன் அவமானத்துக்கென்று நினைத்தாள். அதை வைத்துத் தேடுகிறவர் ஒருவர் இருப்பார் என்று நினைக்கவேயில்லை.

"மாத்தறதுக்குப் பதினொரு காயில் வேணும். யார் வைப்பீங்க?" என்று பரிசோதகர் முதலாளியைக் கேட்டார். முதலாளி அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

"நானே வைக்கிறேன்," என்றாள் மூணுபுள்ளி.

"கூரை இருக்குல்ல?"

"இருக்கு சார். கெட்டியா இருக்கு," என்றார் முதலாளி அவசர அவசரமாக. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பரிசோதகரும் சிரித்துவிட்டார்.

மூணுபுள்ளி கைப்பையைத் திறந்தாள். அடியில் கைக்குட்டையில் சுருட்டி அந்தக் குத்தாணி இருந்தது. ஒரு வருஷமாகக் குத்தவில்லையே தவிர, ஒருநாள்கூட அதை வீட்டில் வைத்துவிட்டு அவள் வந்ததில்லை. நாத்தனார் சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள். அவள் தகட்டில் இடம் பார்த்து ஆணியை நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்தாள். பக்கத்தில் நாத்தனார் அன்றைய தேதியை அடித்தாள்.